கரை மாறியவர்கள் – 7: ஒரு வீட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

கதவைத் தட்டியவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்ல.

கராச்சி வீட்டில் பாட்டியின் அப்பா தாழ்ப்பாளை நீக்கிப் பாதி திறந்தபோது வாசலில் நின்றது ஒரு குடும்பம். கசங்கிய ஷெர்வானியில் ஒரு மனிதர், புர்கா அணிந்த அவர் மனைவி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை, கயிறு போட்டுக் கட்டிய தகரப் பெட்டி ஒன்று. அந்த மனிதர் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அடுத்ததைக் கேட்டார்: நீங்கள் எப்போது காலி செய்யப் போகிறீர்கள்?

“மிரட்டி எல்லாம் கேக்கல தம்பி. வாடகைக்கு வீடு பாக்க வர்றவங்க கேப்பாங்களே, அதே மாதிரிதான் கேட்டாரு” என்கிறார் இந்தக் கதையை எனக்குச் சொல்லும் சிந்திப் பாட்டி. மெட்ராசுக்கு மருமகளாக வந்து கீழ்ப்பாக்கத்திலேயே காலம் தள்ளியவர். சிந்தியைவிடத் தமிழில்தான் இப்போது சரளம். அன்றைக்கு அவருக்கு வயது 11. வீட்டில் அப்பா, அம்மா, தாதி என்று அவர் சொல்லும் அப்பாவின் தாயார், ஆறு வயதுத் தம்பி.

1948 ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை. இந்தத் தேதியைக் கவனியுங்கள். சுதந்திரம் வந்து நான்கு மாதம் தாண்டிவிட்டது. பஞ்சாபில் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஊர் ஊராகக் காலியாகி, ரயில்கள் பிணங்களோடு வந்து சேர்ந்த கதை நமக்குத் தெரியும். பாடப்புத்தகமும் சினிமாவும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அப்படியானால் இந்தக் குடும்பம் ஜனவரி வரை கராச்சியில் என்ன செய்துகொண்டிருந்தது?

பிரிவினை எல்லையை வகுத்த ராட்கிளிஃப் கோடு போட்டது பஞ்சாபிலும் வங்காளத்திலும். சிந்துவில் அவருக்கு வேலையே இல்லை. மாகாணம் முழுதாகப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1941 கணக்கெடுப்பில் சிந்துவின் மக்கள்தொகை சுமார் 45 லட்சம். அதில் ஏறத்தாழ கால் பங்கு இந்துக்கள். கிராமத்தில் வட்டிக்கடை, சிந்து ஹைதராபாத்தில் ஜவுளி, கராச்சியில் அரசு உத்தியோகம் என்று வேரூன்றியவர்கள். ஆட்சி மாறினால் மாறட்டும், நாம் ஏன் போக வேண்டும் என்று இருந்துவிட்டார்கள். இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. ஜூன் 3 பிரிவினைத் திட்டத்தைக் காங்கிரஸ் ஏற்றபோது அதன் தலைவர் ஆச்சார்ய கிருபளானி. அவர் சிந்து ஹைதராபாத்துக்காரர். வங்காள இந்துவுக்கு வங்காளத்தில் ஒரு பகுதியாவது மிஞ்சியது. சிந்திகளுக்கு ஒரு தாலுகா கூட மிஞ்சவில்லை. தேசியத் தலைவர்கள் சிந்துவைப் பற்றி ஒரு முழு நாள் உட்கார்ந்து யோசித்திருந்தால் இவ்வளவு அலங்கோலமாக முடிந்திருக்காது என்பது என் கட்சி.

அந்த ஷெர்வானிக்காரர் வந்தது அஜ்மீரிலிருந்து. டிசம்பரில் அங்கே கலவரம். சிந்துவிலிருந்து முன்கூட்டியே கிளம்பிப் போன அகதிகள் அங்கே குவிந்திருந்தார்கள். அவர்களுக்கும் வீடு வேண்டும். அஜ்மீர் முஸ்லிம்கள் பலர் வீட்டை விட்டு ஓடி, சிந்துவில் வந்து இறங்கினார்கள். வந்தவர்களுக்கு இங்கே வீடு வேண்டும். யாரை யார் துரத்தினார் என்று தேடிப் போனால் சங்கிலி முடியவே முடியாது.

ஜனவரி 6 காலையில் சிந்துவின் உட்பகுதியிலிருந்து ஒரு கூட்டம் சீக்கியர்கள் ரயிலில் கராச்சி வந்தார்கள். கப்பலேறிப் பம்பாய் போவது அவர்கள் திட்டம். அதுவரை தங்கட்டும் என்று ரத்தன் தலாவ் குருத்வாராவுக்கு அழைத்துப் போனார்கள். செய்தி பரவியது. கும்பல் குருத்வாராவைச் சூழ்ந்தது. உள்ளே நடந்தது கொலை. பிறகு கும்பல் நகரத்துக்குள் திரும்பி இந்துக்களின் வீடுகளிலும் கடைகளிலும் புகுந்தது. கொலையைவிடக் கொள்ளைதான் அதிகம். சிந்து முதலமைச்சர் அயூப் குஹ்ரோ தாமே தெருவில் இறங்கிக் கும்பலைத் தடுத்ததாகப் பதிவுகள் உண்டு.

பாட்டியின் தெருவுக்கும் கும்பல் வந்தது. அப்போது அஜ்மீர்க்காரர் ஒரு காரியம் செய்தார். தகரப் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, வாசற்படியில் போய் நின்றுகொண்டார்.

“இது என் வீடு. இங்கே இந்து யாரும் இல்லை.”

அவருடைய உருது உச்சரிப்பைக் கேட்டே கும்பல் நம்பிவிட்டது. அடுத்த வீட்டுக் கதவு உடைபடும் சத்தம் இவர்களுக்குக் கேட்டது. தம்பி அழாமலிருக்க அவன் வாயில் வெல்லக்கட்டியைத் திணித்து வைத்திருந்தாள் அம்மா.

அஜ்மீர்க்காரர் சொன்ன வாக்கியத்தின் பின்பாதி பொய். முன்பாதி சீக்கிரமே உண்மையானது. அன்று இரவு அவர் குடும்பம் முன்னறையில் படுத்தது. இரண்டு நாளில் சமையலறையில் இரண்டு அடுப்பு. ஒரு வாரத்தில் தாதியின் கட்டில் நடைக்கு வந்துவிட்டது. யாரும் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. உயிரைக் காப்பாற்றினவரா, வீட்டைப் பறித்தவரா என்று பாட்டியிடம் கேட்டேன்.

“ரெண்டும்தான். அதுக்கு என்ன இப்ப?”

கிளம்புவதென்று முடிவாயிற்று. முடிவெடுத்தால் மட்டும் போதுமா? கராச்சித் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் குவிந்து கிடந்தார்கள். இந்தியாவின் ஹைகமிஷனர் ஸ்ரீபிரகாசா அவர்களை அனுப்பி வைக்கக் கப்பலுக்கு அலைந்துகொண்டிருந்தார். ஆமாம், 1952-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்து ராஜாஜியை ஆட்சி அமைக்க அழைத்தாரே, அவரேதான். போக நினைத்த எல்லோரையும் போகவும் விடவில்லை. நகரத்தைக் கூட்டிப் பெருக்கும் தலித் தொழிலாளர்களை, அவர்கள் போனால் கராச்சி நாறிவிடும் என்று சட்டத்தைக் காட்டி நிறுத்தி வைத்தார்கள். அவர்களுக்காக அம்பேத்கர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

கியாமாரி கப்பல்துறையில் சோதனை. பாட்டிக்கு நேற்று நடந்தது போல் நினைவிருப்பது ஓர் இரும்புக் கம்பி. முழ நீளம், முனை கூர். தங்கம் ஒளித்திருக்கிறதா என்று பார்க்க, சுங்கச் சிப்பாய் அதை முதலில் ஊறுகாய் ஜாடிக்குள் விட்டுத் துழாவினான். தங்கம் இல்லை. மஞ்சளும் எண்ணெயும் வழிந்த அதே கம்பியைத் துடைக்காமல் எடுத்து ரல்லியில் குத்தினான். ரல்லி என்பது பழந்துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைக்கும் சிந்திகளின் மெத்தை விரிப்பு. அம்மாவுக்கு அவள் அம்மா தைத்துக் கொடுத்தது. ஒரு குத்து இல்லை, வரிசையாகக் குத்திக்கொண்டே போனான். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மஞ்சள் வட்டம். தையல் மெஷினை எடுத்துக்கொண்டார்கள். அப்பளக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக உதறிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

பிறகு அப்பாவின் காகிதங்களைப் பார்த்தார்கள். வரி அலுவலகத்தில் குமாஸ்தா அவர். ஊர் முழுக்கக் காகிதம் சரிபார்த்தவரின் காகிதத்தில் ஒரு முத்திரை குறைந்தது. மற்றவர்கள் ஏறலாம், நீ நில் என்றார்கள்.

யோசிக்க நேரமில்லை. அப்பா அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: “அடுத்த கப்பலில் வந்துவிடுவேன். பம்பாயில் இறங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருங்கள். எங்கேயும் போய்விடாதீர்கள்.”

கப்பல் நகர்ந்ததும் தாதி துப்பட்டா முனையில் முடிந்து வைத்திருந்த அரிசியையும் சர்க்கரையையும் கடலில் போட்டாள். நீர்த்தெய்வமான ஜூலேலாலுக்குச் சிந்திகள் செலுத்தும் காணிக்கை. மேல்தளத்தில் கால் நீட்ட இடமில்லை. பம்பாய்க்கு இரண்டு ராத்திரிப் பயணம் என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாளே கரை தெரிந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பம்பாய் என்றால் கட்டடங்கள் எங்கே? கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் உப்பும். பம்பாய் முகாம்கள் நிரம்பி வழிந்ததால் சில கப்பல்களை ஓகா, வெராவல், போர்பந்தர் என்று கத்தியவார் கரைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களுடைய கப்பல் வந்து நின்றது ஓகாவில். அப்போது அது பரோடா சமஸ்தானத்தின் துறைமுகம். இவர்கள் ஓகாவில் இறங்கியது கராச்சியில் நிற்கும் அப்பாவுக்குத் தெரிய வழியே இல்லை. அவருடைய கப்பல் எங்கே போகும் என்று இவர்களுக்கும் தெரியாது.

இறங்கியவர்களை மேசை போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஒருவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், ஊர், எத்தனை பேர், குடும்பத் தலைவர் யார். தலைவர் இருக்கும் குடும்பங்களை ஒரு ரயிலிலும், ஆண் துணை இல்லாத பெண்களை வேறொரு முகாமுக்கும் அனுப்பப் போகிறார்கள் என்று வரிசையில் பேச்சு. தாதி அம்மாவின் கையை அழுத்தினாள். அம்மாவின் முறை வந்தது.

“குடும்பத் தலைவர்?”

அம்மா சொன்னது பொய். அந்தப் பொய் நான்கு பேருக்கும் அன்று சோறு போட்டது. ஆனால் பின்னால் அப்பா முகாம் முகாமாக ஏறி இறங்கிப் பதிவேடுகளைப் புரட்டியபோது இவர்கள் கண்ணில் படாமல் போனதற்கும் அதுதான் காரணம். அவள் யார் பெயரைச் சொன்னாள்? அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)