பிறப்புச் சான்றிதழ்: அண்ணனூர்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இன்படி, பிறந்த இடத்தின் பதிவாளர் வழங்கும் ஆவணம். எங்கே பதிவது என்பதைப் பெற்றோரின் வீட்டு முகவரி தீர்மானிக்காது. அண்ணனூர் தம்பதிக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் பதிவு சென்னை மாநகராட்சியில்தான். அண்ணனூரில் வீட்டிலேயே பிறந்தால் ஆவடி மாநகராட்சியில். அலையவிடும் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைப் பிறப்பென்றால் அது மருத்துவமனையின் கடமை. ஓராண்டு கடந்தால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை தேவை. பெயரில்லாமலும் பதியலாம். ஓராண்டு வரை பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை. பள்ளியில் சேர்க்கும் வரை இதைத் தள்ளிப்போடுவது வேண்டாத வேலை. தாய், தந்தை பெயரின் எழுத்தையும் தலைப்பெழுத்தையும் சான்றிதழ் வாங்கிய அன்றே சரிபார்க்க வேண்டும். பிழையைப் பதிவாளர் மட்டுமே திருத்தலாம், கையால் திருத்திய சான்று செல்லாது.

2023 திருத்தச் சட்டம் பிறப்புச் சான்றிதழின் மதிப்பை உயர்த்தியது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இதுவே சான்று. ஆதார் அந்த இடத்தை நிரப்பாது. ஆனால் 1987 ஜூலை முதல் பிறந்தவருக்கு இது மட்டுமே குடியுரிமையை நிறுவாது. பெற்றோரின் நிலையும் பார்க்கப்படும்.