சென்னைப் பல்கலைக்கழக நூலகமும் பொதுநூலக இயக்கமும் (1924 – 1948)

பல்கலைக்கழக நூலகம் என்பது மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் மட்டும் உரியது என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஊர்தோறும் நூலகம் வேண்டும் என்ற இயக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் தொடங்கிய சொற்பொழிவுகளும் பயிற்சி வகுப்புகளும் கிராமப் பணிகளும் கால் நூற்றாண்டுக்குள் ஒரு சட்டமாக நிலைபெற்றன.

தொடக்க நிலை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டது. நெடுங்காலம் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. அதனால் தனக்கென நூலகம் வேண்டும் என்ற தேவை அப்போது பெரிதாக எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான பல்கலைக்கழக நூலகம், முதலில் எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகக் கட்டடத்திலேயே இயங்கியது.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகத்தைக் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் உரிய நிறுவனமாக மாற்றியமைத்தது. ஆய்வு வளர நூலகம் வளர வேண்டும் என்பதால் நூலகர் பதவி ஒன்று உருவாக்கப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த சீர்காழி இராமாமிருதம் அரங்கநாதன் (எஸ். ஆர். அரங்கநாதன்) 1924 சனவரியில் அப்பொறுப்பை ஏற்றார்.

வகுப்பறைக்குப் பழகியிருந்த அவருக்கு ஆளரவமற்ற நூலகம் சலிப்பைத் தந்தது. சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்ப விரும்பினார். இலண்டனுக்குச் சென்று நூலகவியல் பயின்ற பிறகும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

இலண்டன் அனுபவம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். சேயர்ஸ் தலைமை வகித்த கிராய்டன் பொதுநூலகத்திலும் அரங்கநாதன் பயிற்சி பெற்றார். இங்கிலாந்தின் பல நூலகங்களை நேரில் பார்த்தார். அங்கே தொழிலாளர்கள், இல்லத்தரசிகள், சிறுவர்கள் என எல்லோரும் நூலகத்துக்கு வந்துபோனது அவரது எண்ணத்தை மாற்றியது. நூலகம் புத்தகங்களைக் காக்கும் கிடங்கு அன்று, மக்களை உயர்த்தும் கருவி என்ற முடிவோடு 1925-இல் சென்னை திரும்பினார். அதன்பின் கணிதம் கற்பிக்கும் பணிக்கு அவர் திரும்பவில்லை.

நூலகத்துக்குள் மாற்றங்கள்

அக்கால நூலகங்கள் பலவற்றில் வாசகர் அலமாரியை நெருங்க முடியாது. வேண்டிய நூலின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயர் தெரியாத நூலைக் கேட்க வழியே இல்லை. அரங்கநாதன் திறந்த அடுக்கு முறையைக் கொண்டுவந்தார். வாசகர் தாமே அடுக்குகளுக்கு இடையே நடந்து, நூல்களைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நூலகம் திறந்திருக்கும் நேரமும் நீட்டிக்கப்பட்டது. வாசகரோடு உட்கார்ந்து அவருக்குத் தேவையான தகவலைத் தேடித் தரும் உசாத்துணைப் பணியும் வலுப்பெற்றது. 1936-இல் நூலகம் கடற்கரையை நோக்கிய புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது.

இம்மாற்றங்களின் அடிப்படைக் கருத்துகளை அவர் 1928-இல் ஐந்து விதிகளாக வகுத்தார். நூல்கள் பயன்படவேண்டும், எந்த வாசகரும் விலக்கப்படக் கூடாது, எந்த நூலும் வாசகரின்றிக் கிடக்கக் கூடாது, வாசகரின் காலம் வீணாகக் கூடாது, நூலகம் ஓயாமல் வளர்வது என்பவை அவற்றின் சாரம். இவ்விதிகளைப் பற்றி அந்த ஆண்டின் இறுதியில் சிதம்பரத்தில் கூடிய கல்வி மாநாட்டில் உரையாற்றினார். 1931-இல் அவை ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன.

மூன்றாம் விதியை விளக்கும் பகுதியில்தான் 'விரிவாக்கப் பணி' பற்றிய அவரது சிந்தனை விரிவாக உள்ளது. வாசகர் வராவிட்டால் நூலகம் அவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது அதன் கரு. பொதுச் சொற்பொழிவு, வாசகர் வட்டம், சிறுவர்க்கான கதை நேரம், கண்காட்சி, உள்ளூர்த் திருவிழாக்களை ஒட்டிய நிகழ்ச்சிகள் ஆகியவற்றை அவர் நூலகத்தின் இயல்பான கடமைகளாகக் கருதினார். எழுத்தறியாதவர்களுக்கு நூலைப் படித்துக் காட்டுவதும் இதில் அடங்கும். எழுத்தறிந்தோர் மிகச் சிலராக இருந்த அன்றைய சென்னை மாகாணத்தில் இது முக்கியமான கருத்து. படிக்கத் தெரியாதவரும் நூலகத்தின் வாசகரே என்று அது ஏற்றுக்கொண்டது.

சென்னை நூலகச் சங்கமும் கோடைப் பள்ளியும்

பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருந்துகொண்டு இவை அனைத்தையும் செய்ய முடியாது. அதனால் 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் தலைவராகவும் அரங்கநாதன் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். நூலகத்தின் தேவையை மக்களிடம் எடுத்துச் சொல்வதும் நூலகவியல் நூல்களை வெளியிடுவதும் சங்கத்தின் பணிகளாக அமைந்தன. ஐந்து விதிகள் நூலும் இச்சங்கத்தின் வெளியீடே.

ஊருக்கு ஊர் நூலகம் அமைத்தால் நடத்துவதற்கு ஆட்கள் வேண்டுமே! இதற்காக 1929-இல் சங்கம் நூலகவியல் கோடைப் பள்ளியைத் தொடங்கியது. 1931-இல் பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. பின்னர் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது.

மன்னார்குடி மாட்டு வண்டி

இயக்கத்தின் புகழ்பெற்ற நிகழ்வு 1931 அக்டோபரில் நடந்தது. மன்னார்குடியைச் சேர்ந்த எஸ். வி. கனகசபைப் பிள்ளை, புத்தகங்களைக் கொண்டுசெல்வதற்கென்றே வடிவமைத்த மாட்டு வண்டி ஒன்றை அளித்தார். அருகிலுள்ள மேலவாசல் கிராமத்தில் அந்த நடமாடும் நூலகம் தொடங்கிவைக்கப்பட்டது. நெல்லும் வைக்கோலும் ஏற்றிச் செல்லும் பாதைகளில் புத்தகங்கள் சென்றன. தஞ்சைப் பகுதிக் கிராமங்களில் கட்டடமும் பெரும் பொருட்செலவும் இல்லாமலே நூலகப் பணி செய்யலாம் என்பதை அந்த வண்டி காட்டியது.

நன்கொடையிலிருந்து சட்டத்துக்கு

ஆயினும் வள்ளல்களின் கொடையை மட்டும் நம்பி ஓர் இயக்கம் நீடிக்க முடியாது. கொடையாளரின் காலத்துக்குப் பின் வண்டியை யார் ஓட்டுவது, புதிய நூல்களை யார் வாங்குவது? பள்ளிக்கூடத்தைப் போல நூலகமும் பொதுப்பணத்தில் நடக்க வேண்டும் என்பதே அரங்கநாதனின் விடை. 1930-இல் காசியில் நடைபெற்ற ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்ட வரைவு ஒன்றை அவர் முன்வைத்தார். அதைத் தழுவிய மசோதாவை 1933-இல் பஷீர் அகமது சையது சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

அரங்கநாதன் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலப் பணிக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஆனால் அவர் விதைத்தது வீண்போகவில்லை. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராக இருந்த காலத்தில் 1948-இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுநூலகச் சட்டம் இதுவே. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்க இச்சட்டம் வழிசெய்தது. மாவட்டங்களில் நூலக ஆணைக்குழுக்கள் அமைந்தன. ஒருகாலத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்கு இடம் தந்த கன்னிமாரா நூலகம், 1950-இல் மாநில மைய நூலகமானது.

மதிப்பீடு

இவ்வரலாற்றில் அரங்கநாதனின் பெயரே முன்னிற்கிறது. கோலன் பகுப்பு முறையை உருவாக்கிய அறிஞராக உலகம் அவரை அறியும். ஆயினும் சங்கத்தை நடத்தியவர்கள், கோடை விடுமுறையில் பயிற்சி பெற்றவர்கள், வண்டி தந்தவர், மசோதா கொண்டுவந்தவர் எனப் பலரின் உழைப்பு இதில் உண்டு.

சென்னைப் பல்கலைக்கழக நூலகம் தன் வாசகர் யார் என்ற கேள்விக்குத் தன் சுவர்களுக்கு வெளியே விடை தேடியது. இன்று தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் கிளை நூலகத்தின் கதவு திறக்கும்போது, அந்தத் தேடலின் பயன் ஒவ்வொரு வாசகருக்கும் கிடைக்கிறது. வீட்டுவரி இரசீதில் நூலக வரி என்று தனியே குறிக்கப்படும் சிறு தொகையும் அதே வரலாற்றின் தொடர்ச்சியே.