கீழ்த்தளம் ஆருக்கு? காங்கேசன்துறையில் தொடங்கின ஒரு வாக்குவாதம்

காங்கேசன்துறை ரயில் நிலையத்தோட தண்டவாளம் முடிஞ்சுபோகும். அங்கால கடல்தான். போன முறை நாங்கள் நாலைஞ்சு பேர் அங்க இறங்கி, ஒரு பிளேன்ரீ குடிக்கக் கடை தேடி நடந்தம். அந்த நடையில் தொடங்கின வாக்குவாதம்தான் இந்தக் கட்டுரை. நகர மையத்தில் எழும்புற கட்டடங்களின் கீழ்த்தளத்தைக் கடைகளுக்கு மட்டும் எண்டு ஒதுக்க வேணுமா?

எங்களில் அரைவாசிப் பேர் "ஓம்" எண்டவை. வங்கியும் அலுவலகமும் கீழ்த்தளத்தைப் பிடிச்சால், பின்னேரம் ஐஞ்சு மணிக்கே தெரு இருண்டுபோகும். மற்றவை திருப்பிக் கேட்டது: "சனம் இல்லாத தெருவில ஆருக்குக் கடை?"

இரண்டாவது கேள்வி காங்கேசன்துறையில் வெறும் வாதமில்லை. அதுதான் அந்த ஊரின் வரலாறு.

1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் அந்தப் பாதை தெற்கோடு இணைந்தது. 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. துறைமுகம், ரயில், ஆலை மூன்றும் ஆட்களைக் கொண்டுவந்தன. இறங்கிறவருக்குச் சாப்பாடு வேணும், சம்பளம் எடுத்தவருக்குச் சாமான் வேணும். கடைத்தெரு அப்பிடித்தான் உருவாகும். இங்கே கீழ்த்தளத்தைக் கடையாக்கினது சட்டமில்லை, சனத்தின் நடமாட்டம்.

1990 ஜூனில் போர் அந்த நடமாட்டத்தை ஒரேயடியாக நிறுத்தியது. வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது, ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது, ஆலையும் நின்றது. 2015 ஜனவரியில் ரயில் திரும்பி வந்தது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. ஆனால் வலிகாமம் வடக்கில் எல்லாக் காணியும் இன்னும் சொந்தக்காரரின் கைக்கு வரவில்லை. கப்பலால் இறங்கிறவர் வாகனம் ஏறி நேரே யாழ்ப்பாணம் போனால், ஊருக்கு ஒரு தேத்தண்ணிக் காசும் மிஞ்சாது.

அப்ப சட்டமே தேவையில்லையா? அப்பிடியும் சொல்ல ஏலாது. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போட்ட ராஃபிள்ஸ், தெருவோரக் கட்டடங்களுக்கு முன்னால் தொடர்ச்சியான, கூரை போட்ட விறாந்தை இருக்க வேணும் எண்டு விதித்தார். உள்ளே என்ன நடக்க வேணும் எண்டதைவிட, ஆட்கள் நடக்க வழி இருக்க வேணும் எண்டதே அந்த விதியின் கவலை. பிறகு வியாபாரிகள் விறாந்தையை நிறைத்தார்கள். 1888இல் அதை வெளிப்படுத்தப் போய்க் கலவரமே வந்தது. கீழ்த்தளம் எண்டது அப்பிடி ஒரு இடம்: சொந்தக்காரர் ஒருவர், உரிமை கேட்பவர் பலர்.

எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸும் 1961இல் இதைத்தான் வாதாடினார். தெருவுக்குப் பாதுகாப்புத் தருவது, அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற சாதாரண மனிதரின் கண்கள். கடைக்காரரின் கண்ணும் அதில் ஒன்று. ஆனால் பூட்டின கடைக்குக் கண் இல்லை.

வாக்குவாதத்தின் முடிவில் நாங்கள் வந்து நிண்ட இடம் இதுதான். காங்கேசன்துறையில் "கடைக்கு மட்டும்" எண்ட விதியை இப்ப போட்டால், முப்பது வருசத்துக்கும் மேலான காலத்துக்குப் பிறகு திரும்பி வாற ஒருவரிடம், "உன்ர வீட்டின்ர முன்பக்கத்தை வாடகைக்குப் போகாத கடையாக்கு" எண்டு சொல்ற மாதிரி. அது நியாயமில்லை. அதுக்குப் பதிலாக, தெருவைப் பார்த்த கீழ்த்தளம் தெருவுக்குத் திறந்திருக்க வேணும் எண்டு கேட்கலாம். அது தையல்கடையாகவும் இருக்கலாம், வைத்தியரின் அறையாகவும் இருக்கலாம், வாசிகசாலையாகவும் இருக்கலாம். மதிலும் பூட்டின இரும்புக் கதவுமாக மட்டும் இருக்கக் கூடாது.

அதுக்கு முதல் காணி வரவேணும். காணி வந்தால் சனம் வரும், சனம் வந்தால் கடை வரும். இந்த ஒழுங்கை மாத்திப் போட்டால் எங்களுக்குக் கிடைக்கிறது புதுக் கட்டடம்தான், ஊர் இல்லை.

அண்டைக்கு எங்களுக்குப் பிளேன்ரீ கிடைச்சதா எண்டு கேக்கிறீங்களா? கிடைச்சது, கொஞ்சத் தூரம் நடந்த பிறகு. கடைக்கு வெளியில வாங்கு போட்டிருந்தது. அதில இருந்துதான் மிச்ச வாக்குவாதத்தையும் முடிச்சம்.