காவிரிக் கரையும் நைல் கரையும்: நீருள் மறைந்த ஆலயங்கள்

பாலை என்பது தனியொரு நிலம் அன்று; குறிஞ்சியும் முல்லையும் கோடையின் கொடுமையால் தம் இயல்பு கெடும்போது பாலையாகின்றன என்பது பண்டைத் தமிழர் கொள்கை. இக்கொள்கையின் பொருளை அறிய விரும்புவோர் தருமபுரி மாவட்டத்தைச் சித்திரை மாதத்தில் ஒருமுறை கண்டுவருவது நலம். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இதுவே. நுளம்பர் காலத் தூண்களைக் கொண்ட கோட்டைக் கோயில், தீர்த்தமலைக் கோயில், அதியமான்கோட்டையின் சுவரோவியங்கள், ஊர்ப்புறங்களில் நிற்கும் நடுகற்கள் எனப் பழமைக்கு இங்குக் குறைவில்லை. நீருக்கே குறைவு. 1965 வரை இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ இருபது இலட்சமாக இருந்த அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் பதினாறு இலட்சமாகக் குறைந்தது. இடையில் வந்தது 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம்.

இத்தகைய வறண்ட நாட்டின் மேற்கெல்லையில்தான் காவிரி ஓடுகிறது. ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்து விழும் ஆறு, சிறிது தெற்கே சென்றதும் மேட்டூர் நீர்த்தேக்கமாகப் பரந்துவிடுகிறது. பென்னாகரம் வட்டத்திலுள்ள நாகமரைக்கு எதிர்க்கரையில், சேலம் மாவட்டத்தில், பண்ணவாடி உள்ளது. இரு கரைகளையும் பரிசலும் படகும் இணைத்து வந்துள்ளன. நீர் நிறைந்திருக்கும் நாட்களில் அங்கே காண்பதற்கு நீரன்றி வேறொன்றும் இல்லை. கோடையில் அணையின் நீர்மட்டம் எண்பது அடிக்குக் கீழே இறங்கும்போது, ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் நீரைப் பிளந்துகொண்டு எழுகிறது. இன்னும் இறங்கினால் சலகண்டேசுவரர் கோயிலின் நந்தி வெளிப்படுகிறது. பழைய பண்ணவாடி அங்கேதான் இருந்தது. இன்றைய பண்ணவாடி, பெயரை மட்டும் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறிய ஊர்.

மேட்டூர் அணையின் வரலாறு நாம் அறிந்ததே. 1924இல் சென்னை, மைசூர் அரசுகளுக்கிடையே உடன்பாடு ஏற்பட்டது. 1925இல் பணி தொடங்கி 1934இல் முடிவுற்றது. அணையின் நீளம் 5,300 அடி. நீர் தேக்கும் உயரம் 120 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 93.5 ஆயிரம் மில்லியன் கனஅடி. தேக்கத்துக்கு ஆளுநர் ஸ்டான்லியின் பெயரும், உபரிநீர்ப் போக்கிக்குப் பொறியாளர் எல்லிசின் பெயரும் வாய்த்தன. ஊரை விட்டு வெளியேறியவர்களின் பெயர் எதற்கும் வாய்க்கவில்லை. கோபுரம் வெளிப்படும் ஆண்டுகளில் நாளிதழ்கள் படம் வெளியிடுகின்றன; மக்கள் வேடிக்கை பார்க்கச் செல்கின்றனர்; மழை வந்ததும் எல்லாம் மறைந்துவிடுகிறது.

இது நம் திருச்சபைக்குத் தொலைவான செய்தி அன்று. ஆண்டுதோறும் சூன் 12ஆம் நாளில் மேட்டூரைத் திறந்துவிடுவது வழக்கமான ஏற்பாடு. நீர்வரத்துக் குறைந்த ஆண்டுகளில் அது தவறிப்போவதும் உண்டு. அந்நீரே தஞ்சைச் சமவெளியின் குறுவைக்கு உயிர். சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியும், சுவார்ட்சு உழைத்த தஞ்சாவூரும் காவிரியின் கடைமடை நாட்டைச் சேர்ந்தவையே. அந்நாட்டுச் சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று பீடத்தின்முன் குவிக்கப்படும் நெல், ஓர் ஆலயத்தை மூழ்கடித்துத் தேக்கிய நீரில் விளைந்தது. அணை கட்டியது தவறு என்று கூறுவதற்கு இதை எழுதவில்லை. பஞ்சத்தைக் கண்ட நாட்டில் அணையைப் பழிப்பது எளிய அறம். ஆயினும் யாருடைய இழப்பின்மேல் நம் விளைச்சல் நிற்கிறது என்பதை அறியாமல் நன்றி செலுத்துவது எங்ஙனம்?

இக்கேள்வியோடு நாம் நைல் ஆற்றங்கரைக்குச் செல்வோம். அதற்குக் காரணம் உண்டு. காவிரியில் நிகழ்ந்தது அங்கே முன்னதாகவும் பெரிய அளவிலும் நிகழ்ந்தது. இந்தியப் பாசனப் பணியில் பழகிய கைகளே அங்கும் திட்டம் வரைந்தன. 1902இல் முடிவுற்ற ஆசுவான் அணையை வடிவமைத்த வில்லியம் வில்காக்ஸ், 1852இல் நம் நாட்டு ரூர்க்கியில் பிறந்து அங்கேயே பொறியியல் கற்றவர். இவரே பிற்காலத்தில் புதிய ஏற்பாட்டை எகிப்தியரின் பேச்சு அரபியில் மொழிபெயர்த்தார் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. ஆற்றை அடக்கியவரும் நற்செய்தியை எளிய மொழியில் தர விரும்பியவரும் ஒருவரே.

ஆசுவானை நாம் திருமறையில் முன்பே சந்தித்திருக்கிறோம். எசேக்கியேல் தீர்க்கதரிசி எகிப்தின் எல்லையைக் குறிக்கும்போது கூறும் செவெனே (எசே. 29:10, 30:6) இவ்வூரே. மழை என்பதையே ஏறக்குறைய அறியாத பாலைநிலம், இருபுறமும் மணற்குன்றுகள், நடுவில் கருங்கற்பாறைகளைச் சுற்றிக்கொண்டு நைல் மெல்ல நகர்கிறது. பாய்மரப் படகுகளுக்கு அவசரம் இல்லை. கெய்ரோவின் இரைச்சலிலிருந்து வருவோருக்கு இவ்வூரின் அமைதியே முதற்காட்சியாகும். திருநாடு காணச் செல்லும் நம் குழுக்கள் எகிப்தில் பெரும்பாலும் கெய்ரோவோடும் சீனாய் மலையோடும் நின்றுவிடுகின்றன. அது ஒரு குறையே. ஏனெனில் ஆசுவானுக்கு எதிரில், ஆற்றின் நடுவில் உள்ள எலிபண்டைன் தீவில், பழைய ஏற்பாட்டு மாணவர் எவரும் கடந்து செல்லக்கூடாத ஓர் ஆலயத்தின் வரலாறு புதைந்து கிடந்தது.

பாரசீகப் பேரரசின் எல்லைக்காவற்படையில் பணிபுரிந்த யூதர்கள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அங்குக் குடும்பங்களோடு வாழ்ந்தனர். எருசலேமுக்கு வெளியே, எகிப்தின் தெற்கெல்லையில், 'யாகு' என்று அவர்கள் எழுதிய ஆண்டவருக்கு ஓர் ஆலயம் வைத்திருந்தனர். காம்பிசெஸ் மன்னன் கி.மு. 525இல் எகிப்தை வென்றபோதே அது அங்கு நின்றது என்பது அவர்களுடைய சாட்சி. பக்கத்திலேயே ஆட்டுத்தலைத் தெய்வமான குனூமின் கோயில் இருந்தது. கி.மு. 410இல் குனூமின் குருக்கள், விதரங்கா என்னும் அதிகாரியைத் துணைகொண்டு யூதரின் ஆலயத்தை இடித்துத் தீயிட்டனர். பஸ்கா ஆட்டுக்குட்டியின் பலியே பகைக்கு வித்தாயிற்று என்று கருதும் அறிஞரும் உளர்.

மூன்றாண்டுகள் கழித்து, கி.மு. 407இல், எதனியா என்பவரும் அவருடன் இருந்த ஆசாரியரும் யூதேயாவின் ஆளுநர் பாகோகிக்கு விண்ணப்பம் எழுதினர். எலிபண்டைன் நாணற்தாள் ஏடுகளில் தலைசிறந்தது இதுவே. இவ்விண்ணப்பத்தை நிதானமாகப் படித்தல் வேண்டும். இடிக்கப்பட்டது எது என்பதை அவர்கள் கணக்காக எழுதுகின்றனர்: கல் தூண்கள், செதுக்கிய கல்லாலான ஐந்து வாயில்கள், கதவுகளின் வெண்கலக் கீல்கள், கேதுரு மரக் கூரை, பொன்னும் வெள்ளியுமான கலங்கள். பின்னர் தங்கள் நிலையைக் கூறுகின்றனர். அன்று முதல் இரட்டு உடுத்தி நோன்பிருக்கின்றனர், எண்ணெய் பூசுவதில்லை, திராட்சரசம் அருந்துவதில்லை, மனைவியர் கைம்பெண்களைப் போலிருக்கின்றனர். எருசலேமின் பிரதான ஆசாரியராகிய யோகனானுக்கு முன்பே எழுதியதாகவும், மறுமொழி வரவில்லை என்றும் கூறுகின்றனர். நெகேமியா 12:22இல் நாம் காணும் பெயர் இதுவே.

எருசலேமின் மௌனத்திற்குக் காரணம் காண்பது கடினம் அன்று. ஆண்டவர் தெரிந்துகொள்ளும் ஒரே இடத்தில்தான் பலி என்று உபாகமம் 12ஆம் அதிகாரம் விதிக்கிறது. தீவிலோ இரண்டாவது பலிபீடம். கொள்கை சரியாகவே இருக்கட்டும். துயருற்ற ஒரு சபையின் கடிதத்துக்கு விடை எழுதாமலிருக்கக் கொள்கை காரணமாகுமோ? இறுதியில் அனுமதி பாகோகியிடமிருந்தும், நெகேமியாவின் எதிரியாக நாம் அறிந்த சன்பல்லாத்தின் மகன் தெலாயாவிடமிருந்தும் கிடைத்தது. போசனபலியும் தூபமும் செலுத்தலாம் என்றது அது. மிருகபலியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆலயம் மீண்டும் எழுந்தது என்பதற்குப் பின்வந்த ஏடுகளில் குறிப்பு உண்டு. சில ஆண்டுகளுக்குள் அச்சமூகமே வரலாற்றிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஆசுவானுக்கு அருகில் உள்ள பிலே தீவின் செய்தியும் இங்கே உரியது. எகிப்தின் சித்திர எழுத்தில் காலம் தெரிந்தவற்றுள் கடைசிக் கல்வெட்டு, கி.பி. 394இல் அத்தீவின் ஐசிஸ் கோயிலில் வெட்டப்பட்டது. ஆறாம் நூற்றாண்டில் பேரரசன் யுஸ்தினியானின் ஆணையால் கோயில் மூடப்பட்டது. ஆயர் தியோடோர் அதன் முன்மண்டபத்தைத் தூய ஸ்தேவானின் ஆலயமாக்கினார். பழைய சுவர்களில் சிலுவைகள் செதுக்கப்பட்டன. எலிபண்டைனில் ஆலயத்தை இழந்தவர் கதறியதை நாம் படிக்க முடிகிறது. பிலேயில் கோயிலை இழந்தவரின் விண்ணப்பம் நமக்குக் கிடைக்கவில்லை. வென்ற தரப்பில் நாம் இருந்தபோது எதிர்த்தரப்பின் ஏடுகள் கிடைப்பது அரிது என்பதைத் திருச்சபை வரலாறு கற்போர் நினைவிற்கொள்ள வேண்டும்.

1902இல் அணை வந்தபின் பிலே ஆண்டின் பெரும்பகுதி நீருள் நின்றது. பயணிகள் தூண்களின் இடையே படகிற் சென்றனர். பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லோத்தி 1909இல் இத்தீவின் மரணம் என்றே ஒரு நூலுக்குப் பெயரிட்டார். 1960இல் உயரணையின் பணி தொடங்கியபோது உலகம் விழித்துக்கொண்டது. யுனெஸ்கோவின் அழைப்பை ஏற்று ஏறத்தாழ 50 நாடுகள் உதவின. அபு சிம்பெல் கோயில்கள் 1964 முதல் 1968 வரை அறுத்தெடுக்கப்பட்டு மேட்டில் மீண்டும் நிறுவப்பட்டன. பிலே கோயில்கள் பக்கத்துத் தீவுக்கு மாற்றப்பட்டு 1980இல் திறக்கப்பட்டன. பி.பி. லால் தலைமையில் இந்தியத் தொல்லியல் குழுவொன்றும் நூபியாவில் அகழாய்வு செய்தது. நாகார்ஜுனகொண்டாவின் சின்னங்களை அணைநீரிலிருந்து காத்த பட்டறிவு நமக்கு அப்போது இருந்தது.

சூடான் எல்லைக்குள் பாராஸ் என்னுமிடத்தில், மணலுக்குள் ஒரு பேராலயம் புதைந்திருந்தது. நூபியர் ஆறாம் நூற்றாண்டில் கிறிஸ்துவை ஏற்று எண்ணூறு ஆண்டுகளுக்குமேல் அந்த விசுவாசத்தில் நிலைத்தவர்கள். போலந்து அறிஞர் மிகாவோவ்ஸ்கியின் குழு 1961 முதல் 1964 வரை அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்ட சுவரோவியங்களைப் பெயர்த்தெடுத்தது. அக்கினிச்சூளையில் நிற்கும் மூவரின் ஓவியம் அவற்றுள் ஒன்று. ஓவியங்கள் வார்சாவுக்கும் கார்த்தூமுக்கும் பகிரப்பட்டன. அவ்விடம் நீருள் மூழ்கியது.

கற்கள் இங்ஙனம் பிழைத்தன. மனிதர்? எகிப்து நாட்டு நூபியர் ஏறத்தாழ 50,000 பேர் 1963-64இல் கோம் ஓம்போவின் புதுக் குடியிருப்புகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆற்றைக் கண்டே விழித்தவர்கள் ஆற்றிலிருந்து விலகிய வெளியில் வரிசை வீடுகளில் அமர்த்தப்பட்டனர். முதற்காலத்தில் குழந்தைகளும் முதியோரும் மிகுதியாக மாண்டனர். புதிய ஊர்களுக்குப் பழைய ஊர்களின் பெயர்களையே வைத்துக்கொண்டனர். பண்ணவாடியார் செய்ததும் இதுவே. அபு சிம்பெல்லை அறியாத மாணவர் அரியர். நூபியரின் ஊர்ப்பெயர் ஒன்றேனும் அறிந்தவர் அதனினும் அரியர்.

மேட்டூர்க் காலத்தில் யுனெஸ்கோ இல்லை. ஆலயமும் கோயிலும் நின்ற இடத்திலேயே விடப்பட்டன. ஆனால் எலிபண்டைன் ஏடுகள் நமக்குக் காட்டும் வழி ஒன்று உண்டு. அச்சமூகத்தை நாம் அறிவது இடிந்த சுவரினால் அன்று, அவர்களே எழுதிவைத்த மணவோலைகளாலும் கடன்சீட்டுகளாலும் கடிதங்களாலும்தான். காவிரியின் இரு கரைகளிலும், கொளத்தூர், பென்னாகரம் வட்டாரங்களில், 1934க்கு முன் ஊர்விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கின்றனர். ஞானஸ்நானப் பதிவேடுகள், திருமணப் பதிவேடுகள், கல்லறைக் குறிப்புகள், வயல் எல்லைகளைப் பற்றிய குடும்ப நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டுவது சபைப்பிரிவு பாராமற் செய்யத்தக்க பணி. சலகண்டேசுவரரை வழிபட்டோரின் நினைவுகளையும் சேர்த்தே கேட்கவேண்டும். நீர் இரு கட்டடங்களையும் வேறுபாடின்றி மூடியது. இறையியல் மாணவர் ஒருவர் ஒரு கோடைவிடுமுறையை இதற்கு ஒதுக்கினால், கோபுரத்தைப் படம் பிடித்து வருவதினும் மிகுந்த பயன் விளையும்.

இன்னொரு செய்தியையும் அவர் கேட்டறிவார். கரையோரமாகக் காவிரி ஓடியும் தருமபுரி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டனர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பானியக் கடனுதவியோடு நிறைவேறித் தொடங்கிவைக்கப்பட்டது 2013இல். மேட்டூர் நிரம்பத் தொடங்கி எழுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து.

நீர் வடியும் ஆண்டுகளில் நாகமரைப் பக்கமும் பண்ணவாடிப் பக்கமும் தேக்கத்தின் தரை வெடித்துக் கிடக்கும். அப்போது உழவர்கள் அதில் இறங்கி ஏர் பூட்டுகின்றனர். வண்டல் படிந்த மண்ணாகையால் கம்பும் எள்ளும் நிலக்கடலையும் நன்றாக வருகின்றன. குடகில் மழை என்னும் செய்தி கேட்டதும் முற்றியும் முற்றாததுமாக அறுத்துக் கரையேற்றுகின்றனர். பிந்தியவர் பயிர் ஆலயத்தோடு நீருக்குள் போகிறது.