பிறக்கப்போகும் மாணவருக்கும் இடம் வேண்டும்

சிவகிரி வட்டாரத்திலிருந்து உயர்கல்வி நாடிச் சென்றோர்க்குத் தலைமுறைக்கொரு பல்கலைக்கழகம் வாய்த்தது. முதலில் சென்னை; 1966 முதல் மதுரை; 1990 முதல் அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். இறுதியிற் கூறியதன் வளாகம் 550 ஏக்கர். "இத்துணை நிலம் எதற்கு?" என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. அதற்குரிய விடையை நம் சமுதாய வரலாற்றிலேயே, அலிகரில் காண்கிறோம்.

1869ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற சர் சையித் அகமது கான், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைக் கண்டார். மாணவர் விடுதி, விரிவுரைக் கூடம், நூலகம், வழிபாட்டிடம், விளையாட்டுத் திடல் யாவும் ஓரிடத்தே அமைந்து, ஆசிரியரும் மாணவரும் உடனுறைந்து பயிலும் முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1873இல் அவர்தம் புதல்வர் சையித் மஹ்மூத் வகுத்தளித்த திட்டம், பல்கலைக்கழகத்தையே இலக்காகக் கொண்டிருந்தது. 1875இல் பள்ளி தொடங்கிற்று. 1877 ஜனவரி 8ஆம் நாள், பழைய இராணுவ அணிவகுப்புத் திடலில், வைசிராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்.

திட்டம் பெரிது, கையிருப்போ சிறிது. எனினும், பணத்துக்கேற்பத் திட்டத்தைச் சுருக்க சர் சையித் இசைந்தாரில்லை. நடுவே திறந்த முற்றம், ஒருபால் மஸ்ஜித், ஒருபால் ஸ்ட்ராச்சி மண்டபம், சுற்றிலும் மாணவர் அறைகள் என்பதே அமைப்பு. நன்கொடை வரவர ஒவ்வோர் அறையாகக் கட்டினார்கள். ஈந்தோர் பெயர்களைச் சுவர்களிற் பொறித்தார்கள். அவர்களுள் இந்துப் பெருமக்களும் இருந்தனர்.

1898இல் சர் சையித் மறைந்து, அம்மஸ்ஜிதின் அருகிலேயே அடக்கம் செய்யப் பெற்றார். மஸ்ஜித் முற்றுப்பெற்றது 1915இல். கல்லூரி பல்கலைக்கழகமானது 1920இல். இவ்விரண்டையும் அவர் கண்ணாற் கண்டாரல்லர். மௌலானா ஆசாத் நூலகத்தின் இன்றைய கட்டடம் 1960இலும், மருத்துவக் கல்லூரி 1962இலும் தோன்றின. பின்வந்தோரும் நிலத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தமையால், 74 ஏக்கரில் தொடங்கிய வளாகம் இன்று 1,150 ஏக்கருக்கும் மேற்பட்டு விரிந்துள்ளது.

வளாகத் திட்டம் என்பது கட்டடங்களின் வரைபடம் மட்டுமன்று. பாதை எங்கே, மழைநீர் வடியும் வழி எங்கே, நிழல்மரம் எங்கே, ஐம்பது ஆண்டு கழித்து எழவேண்டிய நூலகத்துக்கு இடம் எங்கே என்பவற்றையெல்லாம் முன்னரே வரையறுப்பது. எங்கே கட்டக்கூடாது என்பதையும் அதுவே சொல்லவேண்டும்.

நம் மதரஸாக்களும் பள்ளிகளும் பலவிடங்களில் எவ்வாறு வளர்ந்தன? வாடகை கருதி முகப்பில் கடைகள் எழுந்தன. மாணவர் பெருகியபோது எஞ்சிய முற்றத்தில் வகுப்பறை எழுந்தது. பின்னர் நூலகம் வேண்டுமென்றபோது காற்றுக்கே இடமில்லை. வருவாயின்றி ஆசிரியர்க்கு ஊதியம் ஏது என்று நிர்வாகிகள் கேட்பது உண்மையே. கடைகள் வேண்டாவென நாம் கூறவில்லை. அவற்றுக்கும் எல்லை வகுத்து, எஞ்சிய நிலத்தை எதற்கென்று எழுதிவைக்க வேண்டுமென்கிறோம்.

வக்ஃபு நிலம் நமக்கு முன்னோர் விட்டுச்சென்ற அமானிதம். அதில் பிறக்கப்போகும் மாணவருக்கும் பங்குண்டு. அறை கட்டிக் கொடுத்தவர் பெயரைக் கல்லிற் பொறிக்கிறோம். நிலத்தைக் காத்து வெற்றிடமாக விட்டுச்சென்றவருக்குக் கல்வெட்டு இல்லை. எனினும் அதுவும் ஸதக்கத்துல் ஜாரியாவே. அடிக்கல் நாட்டும் முன் நிர்வாகிகள் ஒன்றுகூடி முழு நிலத்துக்கும் திட்டம் வரைவார்களாக! அதனைப் பின்வருவோரும் பேணுமாறு பதிவேட்டில் எழுதிவைப்பார்களாக! ஆமீன்.