தொண்டைமானாறு: அடைபட்ட ஒரு நீர்வழியின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆயினும் ஆறு எனப் பெயர்பெற்ற நீர்நிலைகள் சில இங்கு உள. வழுக்கையாறு மாரிகாலத்தில் மட்டும் ஓடுவது. உப்பாறும் தொண்டைமானாறும் கடலோடு தொடர்புடைய உவர்நீர்க் களப்புக்களாம். இவற்றுள் தொண்டைமானாறு வடகடலிலிருந்து உட்புகுந்து, வடமராட்சியை வலிகாமத்தினின்றும் தென்மராட்சியினின்றும் பிரித்துத் தென்கிழக்கு நோக்கி நெடுந்தூரம் செல்வது. அதன் முகத்துவாரத்தில் செல்வச்சந்நிதி முருகன் ஆலயம் விளங்குகின்றது. கடலுக்கும் உள்நாட்டுக்கும் இடையே வழியாய் இருந்த இந்நீர்நிலை எவ்வாறு அவ்வழியை இழந்தது, அவ்விழப்புக்கு ஈடாக நாடு பெற்றது யாது என ஆராய்தல் பயனுடைத்தாகும்.

தொண்டைமானாறு என்னும் பெயர்க்குக் காரணம் கூறும் கதை யாழ்ப்பாண வைபவமாலையில் உளது. மாதகல் மயில்வாகனப் புலவர் அந்நூலை ஒல்லாந்த அதிகாரி மக்கறா என்பவரின் வேண்டுகோட்கிணங்க 1736ஆம் ஆண்டளவில் இயற்றினார் என்பர். சோழன் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் கரணவாய், வெள்ளப்பரவை ஆகிய இடங்களில் விளைந்த உப்பைப் பெறும் பொருட்டு இங்கு வந்தான் என்றும், மரக்கலங்கள் உட்புகுந்து தங்கி உப்பேற்றிச் செல்லுதற்காக ஆற்றை வெட்டுவித்தான் என்றும் அக்கதை கூறும். உரும்பிராயிலுள்ள கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் மரபு அவன் பெயரோடு இணைக்கின்றது. கடற்கரையில் ஓர் ஆறும் உள்நாட்டுச் செம்மண் ஊரில் ஒரு கோயிலும் ஒருவன் பெயராற் பிணைக்கப்பட்டிருத்தல் நினைவுகொள்ளத்தக்கது.

கருணாகரத் தொண்டைமான் வரலாற்றில் வாழ்ந்தவன் என்பதில் ஐயமில்லை. அவன் 1070 முதல் 1120 வரை ஆண்ட முதலாங் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன்; கலிங்கத்துப் பரணியின் வீரன். எனினும் அவன் காலத்துக்கும் வைபவமாலையின் காலத்துக்கும் இடையே அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ஆதலின் கதையின் ஒவ்வொரு கூற்றையும் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. ஆயினும் அக்கதை ஓர் உண்மையைப் பேணி வைத்துள்ளது. ஆற்றின் பெயரை விளக்கப் புகுந்த மக்கள், அது பயிருக்கு நீர் பாய்ச்ச வெட்டப்பட்டது எனக் கூறினாரல்லர்; கலம் செல்ல வெட்டப்பட்டது என்றே கூறினர். அவர் நினைவில் அது துறையாகவும் வழியாகவுமே நின்றது.

குடாநாட்டின் செல்வம் பெரும்பாலும் நீர்வழியாகவே சென்றது. வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து வந்து, ஊர்காவற்றுறையில் கலமேறி இந்தியாவுக்குச் சென்றன. ஒல்லாந்தர் ஆனையிறவிலும் அதனையடுத்த கடவைகளிலும் கோட்டைகள் அமைத்தமை இவ்வழிகளின் பெறுமதியைக் காட்டும். வடகரையோர ஊர்களிற் கப்பற் கட்டுந் தொழில் அண்மைக்காலம் வரை சிறந்திருந்தது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டுப் ‘புளோரன்சு சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றப்பெற்று, ஈழத்து மாலுமிகளுடன் 1938ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. தொண்டைமானாற்றின் முகத்துவாரத்துக்கு அயலே கப்பற்றொழில் இத்துணை உயர்ந்திருந்தது.

நீர்வழியின் முதல் இழப்புத் தரைவழியின் வளர்ச்சியால் நேர்ந்தது. 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றது. கொழும்பிலிருந்து புகைவண்டி ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் வந்தது. காற்றை எதிர்நோக்கியிருந்த சரக்கு ஒரே நாளிற் சென்றடைந்தது. வண்டிக்காரரும் வணிகரும் தோணியை நாடவில்லை. இவ்விழப்பு எவராலும் விதிக்கப்பட்டதன்று. வழி திறந்தே இருந்தது, செல்வோரே குறைந்தனர். இரண்டாவது இழப்பு அத்தகையதன்று.

அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின் குடாநாட்டுக் கிணறுகளை நோக்குதல் வேண்டும். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களின் வாழ்வு கிணற்றில் தங்கியுள்ளது. மழைநீர் செம்மண்ணினூடு இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களில் தங்குகின்றது. அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்பது. நிலாவரைக் கேணியில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்துநீர் உவர்நீராகவும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்று. துலாவால் இறைத்த காலத்தில் வில்லை தேய்வது மெதுவாயிற்று. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபின் விரைவாயிற்று. புகையிலையும் வெங்காயமும் வாழையும் பயிரிட்ட கமக்காரர், தம் கிணறு உவர்ப்பதைக் கண்டு அஞ்சினர். மாரியில் களப்புக்களில் நிறைந்த வெள்ளம் வீணே கடலிற் சேர்வதையும், கோடையில் கடல்நீர் களப்பினுட் புகுவதையும் தடுத்தால் கிணறுகள் இனிக்கும் என்ற எண்ணம் பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலேயே தோன்றிற்று.

அவ்வெண்ணத்தை முழுத் திட்டமாக வகுத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் ஆவர். 1954ஆம் ஆண்டில் அவர் முன்வைத்த திட்டம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ எனப் பெயர் பெற்றது. அதன் அமைப்பு எளிது. கனகராயன் ஆறு முதலியன கொண்டுவரும் வன்னி வெள்ளம் ஆனையிறவுக் களப்பிற் சேர்வது. ஆனையிறவில் வீதியும் புகையிரதப் பாதையும் செல்லும் இடத்திலுள்ள வாய்களை அடைத்து, கிழக்கே சுண்டிக்குளத்தில் மேலதிக நீர் வழிந்தோட அணை கட்டினால் அக்களப்பு நன்னீர் ஏரியாகும். அந்நீரை முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் களப்புக்குக் கொணரலாம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகள் இருப்பின் அது கடலுக்கு ஓடாது. கடல்நீரும் உள்ளே வாராது.

ஆனையிறவு அடைக்கப்பட்டது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகள் எழுந்தன. ஆனால் உயிர்நாடியாகிய முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. சுண்டிக்குளத்து அணை வெள்ளத்தில் உடைந்தது. பின்னர்ப் பராமரிப்புக் குன்றியதால் கதவுகள் பழுதுற்று உவர்நீர் கசிந்தது. வாய்களை அடைக்கும் பகுதி முடிந்தது. நன்னீரைக் கொணரும் பகுதி முடியவில்லை. கமக்காரர் எதிர்பார்த்ததிற் சிறு பகுதியையே பெற்றனர். தோணிக்காரரோ தம் வழியை இழந்தனர். தொண்டைமானாற்று அணையில் நீர் செல்லக் கதவுகள் உண்டு. வள்ளம் செல்லக் கதவு இல்லை.

அடைபட்டது வள்ளம் மட்டுமன்று. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் களப்பினுட் புகுந்து வளர்ந்து மீண்டும் கடலை நாடும். கதவு மூடியிருக்குங் காலம் இக்குஞ்சுகள் வரும் காலத்தோடு பொருந்துமாயின் களப்பின் மீன்வளம் குன்றும். கதவை மூடுக என்பது கமக்காரர் வேண்டுதல். திறக்க என்பது மீனவர் வேண்டுதல். இரண்டும் பசியிலிருந்து எழுந்தவையே. ஒன்றை நியாயம் என்றும் மற்றதை இடையூறு என்றும் கொள்ளுதல் முறையன்று.

இதே நோக்குடன் பிறிதொரு நாடு செய்ததை ஈண்டு ஒப்புநோக்கலாம். ஒல்லாந்து நாட்டார் தென்கடல் எனப்பட்ட தம் வளைகுடாவைச் சுமார் 32 கிலோமீற்றர் நீளமான பேரணையால் 1932ஆம் ஆண்டு அடைத்து நன்னீர் ஏரியாக்கினர். அங்கும் மீனவர் வாழ்வு தாக்குண்டது. ஆயினும் அணையின் இரு முனைகளுக்கும் அணித்தாய்க் கலங்கள் ஏறி இறங்கும் நீர்ப்பூட்டுக்கள் அமைக்கப்பட்டன. அணை முடிவதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1925இல், பாதிக்கப்படும் மீனவர்க்கு உதவச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வுதவி போதியதாயிற்றோ என்பது வேறு; இழப்பவர் உளர் என்பதை அந்நாடு முன்கூட்டியே ஏற்றுக்கொண்டது.

இவ்வுரிமை சட்டத்துக்குப் புதிதன்று. 533ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் சத்தீனியன் வெளியிட்ட சட்ட நூல், ஆறுகளும் துறைகளும் பொதுமக்களுக்கு உரியன என்றும், கரைநிலம் அயலவர் உடைமையாயினும் அங்கு தோணி கட்டுதல் எல்லார்க்கும் இயலும் என்றும் கூறுகின்றது. அம்மரபில் வளர்ந்த உரோம ஒல்லாந்தச் சட்டமே இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையாயிற்று. பொதுநலத்துக்காக நீர்வழியை அடைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அடைக்கப்படுவது வெற்றுநீரன்று, ஒரு பொதுவுரிமை என்பதை அடைப்போர் உணர்தல் வேண்டும்.

மறக்கப்பட்ட நீர்வழி பின்னர் ஒருகால் இன்றியமையாததாயிற்று. 1990ஆம் ஆண்டின் பின் போரினால் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபோது, மக்கள் கிளாலிக் கரையிலிருந்து இருளில் வள்ளமேறி யாழ்ப்பாணக் களப்பைக் கடந்தனர். அது தடைசெய்யப்பட்ட நீர். 1993ஆம் ஆண்டு சனவரியில் பயணிகள் அங்கே கொல்லப்பட்டனர். அதே 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தமையால் மயிலிட்டித் துறைமுகமும் அவர்க்கு எட்டாததாயிற்று. 27 ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டு யூலையிலேதான் அது மீள ஒப்படைக்கப்பட்டது. துறையை இழந்த மீனவன் தொழிலை மட்டும் இழப்பதில்லை. காற்றும் நீரோட்டமும் பற்றித் தந்தையிடம் கற்றதை மகனுக்குக் கற்பிக்கும் இடத்தையும் இழக்கிறான். இருபத்தேழு ஆண்டு என்பது ஒரு தலைமுறை.

நன்னீர்த் தேவை இன்னும் தீரவில்லை. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொணரும் எண்ணம் கிளிநொச்சிக் கமக்காரரின் அச்சத்தாற் கைவிடப்பட்டது. அதற்கீடாகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024ஆம் ஆண்டு ஆகத்தில் திறக்கப்பட்டது. எந்தக் கடல்நீரைப் புகவொட்டாது தடுக்க அணைகள் எழுந்தனவோ, அந்தக் கடல்நீரிலிருந்தே குடிநீர் பெறப்படுகின்றது. ஆயினும் தோட்டங்களுக்கு இறைப்பது கிணற்று நீரே. ஆதலின் ஆறுமுகத்தின் திட்டம் பயனற்றது எனத் தள்ளுதற்கில்லை. அது நிறைவேறியிருப்பின் செம்மண் ஊர்கள் பெற்றிருக்கக்கூடிய நன்மை பெரிது.

இவ்வரலாறு உணர்த்துவது இதுவே: பொதுநன்மைக்காக ஒரு சாரார் தம் வழியை விட்டுக்கொடுக்கும்போது, அந்நன்மையை முற்றுவித்தல் ஏனையோர் கடனாகும். தொண்டைமானாற்றில் வழி அடைக்கப்பட்டது, நன்மை முற்றுப்பெறவில்லை. கலம் செல்ல ஆற்றை வெட்டுவித்தவன் பெயரால் வழங்கும் கோயிலில் உரும்பிராய்க் கமக்காரர் தலைமுறை தலைமுறையாய் வழிபட்டு வருகின்றனர். தம் கிணறுகளின் பொருட்டு அடைபட்டது அவன் பெயர் தாங்கிய அவ்வாறே என்பதை அவர் அறிதல் தகும். இனி அவ்வணைகள் திருத்தப்படுங்கால் கமக்காரரும் மீனவரும் ஒருங்கே அமர்ந்து, கதவு எப்போது மூடப்படவேண்டும், எப்போது திறக்கப்படவேண்டும் என முடிவு செய்வாராயின், அவ்வாறு இருவர்க்கும் உரியதாய் நிலைபெறும்.