விசையை அழுத்திய எலி இன்பமாக இருந்ததா?

வாழ்வின் குறிக்கோள் இன்பமே என்று கிரேக்க நாட்டு எபிக்கூரஸ் சொன்னார். இங்கிலாந்தின் ஜெரமி பெந்தம் 1789-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். இன்ப துன்பங்களை எடைபோட்டுக் கணக்கிட்டு, அதன்படி சட்டமே இயற்றலாம் என்றார். இப்படிக் கணக்கிடும்போது நாம் ஒன்றை எளிதில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஒருவன் எதை மிகுதியாக நாடுகிறானோ, அதுவே அவனுக்கு மிகுதியான இன்பம் தருவது என்பதே அது. இது சரிதானா? விடை தேடிய கதை ஓர் எலியில் தொடங்குகிறது.

1953-ஆம் ஆண்டு. கனடாவில் மான்ட்ரீல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். விழிப்புணர்வுக்குரிய பகுதியைத் தொடுவதே அவர்கள் எண்ணம். ஆனால் ஓர் எலியில் மட்டும் கம்பி குறி தவறி வேறோர் இடத்தில் போய் நின்றது. அந்த எலியின் நடத்தை விந்தையாக இருந்தது. மேசையின் எந்த மூலையில் மின்னோட்டம் கிடைத்ததோ, அந்த மூலைக்கே அது திரும்பத் திரும்ப வந்தது!

அடுத்து, எலி தானே அழுத்தி மின்னோட்டம் பெறும்படி ஒரு விசையை அமைத்தார்கள். சில எலிகள் மணிக்கு 2,000 முறை வீதம், ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாமல் அழுத்தின. பசித்த எலிகூட உணவை விட்டு விசைக்கு ஓடியது. 1956-இல் ஓல்ட்ஸ் எழுதிய கட்டுரை இவ்விடங்களை ‘இன்ப மையங்கள்’ என்று அழைத்தது. பெயர் உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால் எலி இன்பமாக இருக்கிறதா என்று எலியிடம் யார் கேட்பது?

மனிதரிடம் கேட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் டாக்டர் ராபர்ட் ஹீத் நோயாளிகளின் மூளையில் இவ்வாறே கம்பிகளைப் பொருத்தினார். (இன்று எந்த மருத்துவமனையும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.) 1963-இல் அவர் வெளியிட்ட குறிப்பில் ஒரு நோயாளி பொத்தானை விடாமல் அழுத்தினார். ஏன் என்று கேட்டதற்கு அவர் தந்த விளக்கத்தைக் கவனியுங்கள்: ஏதோ ஒன்று நிறைவேறப் போவதுபோல் இருக்கிறது, ஆனால் நிறைவேறுவதில்லை, அதனால்தான் மீண்டும் அழுத்துகிறேன் என்றார். இது இன்பம் பெற்றவரின் பேச்சாகவா தோன்றுகிறது?

தெளிவு 1989-இல் வந்தது. மூளையில் டோபமீன் என்ற வேதிப்பொருள் உண்டு. அதுவே இன்பத்தைத் தருவது என்று அப்போது பலரும் நம்பினர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் ஆகியோர் எலிகளின் டோபமீன் நரம்புகளை அழித்துப் பார்த்தார்கள். எலிகள் உணவைத் தேடவே இல்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால், உணவுக் குவியலின் நடுவிலும் பட்டினியால் சாகும் நிலை. ஆனால் சர்க்கரை நீரை வாயில் விட்டபோது என்ன நடந்தது தெரியுமா? நம் வீட்டுக் குழந்தைபோல் உதட்டை நக்கிச் சுவைத்தன! இனிப்பு அவற்றுக்கு இனிப்பாகவே இருந்தது. அதை நாடும் வேட்கைதான் போய்விட்டது.

வேட்கை ஒன்று, சுவைப்பு மற்றொன்று. இரண்டுக்கும் மூளையில் தனித்தனி வழிகள். வேட்கையின் பாதை பெரிது. சுவைப்பைப் பெருக்கும் இடங்களோ மிகச் சிறியவை. எலியின் மூளையில் அப்படி ஓர் இடம் ஒரு கன மில்லிமீட்டர் அளவே உள்ளது. ஓல்ட்ஸின் எலி அழுத்தியது பெரும்பாலும் வேட்கையின் விசையைத்தான். ஓல்ட்ஸ் 1976-இல் மறைந்துவிட்டதால் இதை அறிய அவருக்கு வாய்ப்பில்லை.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. பார்க்கின்சன் நோயில் கைகால் நடுங்கும், உடல் விறைக்கும். மூளையில் டோபமீன் குறைவதே காரணம். டோபமீனைப்போல் செயல்படும் சில மருந்துகள் இதற்குத் தரப்படுகின்றன. அவற்றை உண்ணும் சிலருக்கு, வாழ்நாளில் சீட்டைத் தொட்டிராதவர்களுக்குக்கூட, சூதாட்ட வெறி பிடித்துவிடுகிறது. சேமிப்பை இழந்து, குடும்பத்திடம் மறைத்து, மகிழ்ச்சியே இல்லாமல் ஆடுகிறார்கள். ஆகவே இம்மருந்தைத் தரும் மருத்துவர்கள் வீட்டாரையும் முன்னரே எச்சரிக்கிறார்கள். மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலோருக்கு அந்த வெறி அடங்கிவிடுகிறது.